ப்ரெப்: ‘முன் வெளிப்பாடு’ அல்ல, படுமுன் காப்பு

எச்.ஐ.வி. பற்றிய தமிழ்ப் பக்கங்களில் ‘முன் வெளிப்பாடு நோய்த்தடுப்பு’ என்ற தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ப்ரெப், அதாவது ‘ப்ரீ-எக்ஸ்போஷர் ப்ரொஃபிலாக்ஸிஸ்’ என்ற மருந்துமுறைக்கு யாரோ செய்த பெயர்ப்பு இது. தமிழ் மட்டும் அறிந்தவர் பத்து முறை படித்தாலும் எதற்கு முன், எதைத் தடுப்பது என்று விளங்காது.

தொற்று இல்லாதவர், கிருமி உடலில் சேரும் வாய்ப்பு வருவதற்கு முன்பே மருந்து எடுத்துக்கொள்வதுதான் ப்ரெப். டெனோஃபோவிர் 300 மி.கி., எம்ட்ரிசிட்டபின் 200 மி.கி. இரண்டும் சேர்ந்த மாத்திரை, தினம் ஒன்று. அமெரிக்காவில் 2012 ஜூலையில் ட்ருவாடா என்ற பெயரில் இதற்கு அனுமதி கிடைத்தது. ‘ப்ரொஃபிலாக்ஸிஸ்’ கிரேக்கத்திலிருந்து வந்தது. முன்னின்று காவல் காப்பது என்று பொருள். அதற்குக் ‘காப்பு’ நம்மிடம் தயாராக இருக்கிறது. தகராறு முழுதும் நடுவில் இருக்கும் ‘எக்ஸ்போஷர்’ மேல்தான்.

வெளிப்பாடு என்றால் உள்ளே இருப்பது வெளியே தெரிவது. அன்பின் வெளிப்பாடு, கோபத்தின் வெளிப்பாடு என்கிறோம். இங்கே நடப்பது நேரெதிர்: வெளியே இருக்கும் கிருமி உடலுக்குள் வருகிறது. அகராதியில் கண்ட முதல் பொருளை எடுத்து ஒட்டியதில் திசையே புரண்டுவிட்டது. தன்பாலீர்ப்பு ஆண்களுக்கு இதில் கூடுதல் கேடு. தங்களைப் பற்றி வீட்டில் சொல்வதையும் ‘வெளிப்படுத்துவது’ என்றுதானே சொல்கிறோம்? மருந்து கேட்டாலே குட்டு உடைந்துவிடுமோ என்று தயங்கி நிற்பவரின் கையில் ‘முன் வெளிப்பாடு’ என்று அச்சடித்த தாளைத் திணிப்பது எவ்வளவு பொறுப்பில்லாத செயல்!

‘வருமுன் காப்பு’ என்பார் உண்டு. தமிழ்நாடு அரசின் ‘வருமுன் காப்போம்’ முகாம்களால் பழகிய அழகான தொடர்தான். ஆனால் இங்கே போதாது. ‘பெப்’ (போஸ்ட்-எக்ஸ்போஷர் ப்ரொஃபிலாக்ஸிஸ்) என்று இன்னொரு முறை இருக்கிறது: கிருமி உடலில் சேர்ந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் மருந்து எடுப்பது. அதுவும் தொற்று நிலைப்பதற்கு முன் காப்பதுதான். ‘வருமுன்’ என்றால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

‘படு’ இருக்கும்போது ஏன் அலைய வேண்டும்? காற்று படுகிறது, வெயில் படுகிறது, கண் படுகிறது. ப்ரெப் ‘படுமுன் காப்பு’, பெப் ‘பட்டபின் காப்பு’. எதற்கு முன், எதற்குப் பின் என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது.

இவற்றைவிட மோசமானது ‘எய்ட்ஸ் மாத்திரை’ என்ற பெயர். எச்.ஐ.வி. என்பது கிருமி, எய்ட்ஸ் அந்தத் தொற்று முற்றிய நிலை; இதை உண்பவருக்கு இரண்டுமே இல்லை. இதே இரு மருந்துகள் மூன்றாவது ஒன்றோடு சேர்ந்து சிகிச்சைக்கும் பயன்படுவதால், குப்பியைப் பார்ப்பவர் ‘இவனுக்கு வந்துவிட்டது’ என்று முடிவு கட்டுகிறார். ட்ருவாடா, ஒருபக்கம் தயாரிப்பு நிறுவனமான ‘கிலியட்’டின் பெயரும் மறுபக்கம் ‘701’ என்ற எண்ணும் பொறித்த நீல மாத்திரை, எளிதில் அடையாளம் தெரியும். அதற்கு அஞ்சி வேறு டப்பாவுக்கு மாற்றினால், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்துடன் இறுக மூடிய குப்பியின் பாதுகாப்பு போய்விடும். ஒளித்து வைக்கும் மாத்திரை மறந்தும் போகும். வேளை தவறத் தவறக் காப்பு குறையும். 2012இல் அமெரிக்காவில் இதை உண்ட ஆண்களை ‘ட்ருவாடா வேசி’ என்று ஏசினார்கள், தன்பாலீர்ப்பு ஆண்களே ஏசினார்கள் என்பதுதான் கொடுமை. சிலர் அந்த வசவையே சட்டையில் அச்சிட்டு அணிந்து எதிர்த்து நின்றார்கள்.

இப்படி ஒருவரை இழிவாகப் பார்த்து ஒதுக்குவதை ஆங்கிலத்தில் ‘ஸ்டிக்மா’ என்பார்கள். அதைக் ‘களங்கம்’ என்று எழுதுவதும் எனக்கு உடன்பாடில்லை. களங்கம் ஒருவரிடமே இருக்கும் கறை. ஸ்டிக்மாவோ குத்துவதைக் குறிக்கும் கிரேக்க வினையில் பிறந்தது. அடிமைகள் உடலில் பிறர் குத்திய அடையாளம். ‘முத்திரை குத்துதல்’ என்று நாம் பேசுவதே அதற்குச் சரி. குத்தியவர் யார் என்ற கேள்வி அதில் தப்புவதில்லை. முத்திரை வடசொல்லாயிற்றே என்பாருக்கு: களங்கமும் வடசொல்தான்.

ப்ரெப்புக்காக 2025 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லெனகபவிர் ஊசியைத் ‘தடுப்பூசி’ என்று எழுதுவதையும் நிறுத்த வேண்டும். தடுப்பூசி உடலின் எதிர்ப்பாற்றலைப் பழக்குகிறது. இது மருந்து, உடலில் இருக்கும்வரைதான் காக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டாக வேண்டும். தடுப்பூசி என்று படித்தவர் ஒருமுறை போட்டுவிட்டு இருந்துவிடுவார். பிறகு கிருமி பட்டு, மருந்தும் குறைவாக எஞ்சியிருந்தால், அதற்கு அடங்காத கிருமி உருவாகக்கூடும். மாத்திரையிலும் இதே ஆபத்து உண்டு: ஏற்கெனவே தொற்றுள்ளவருக்கு இந்த இரு மருந்து மட்டும் போதாது. அதனால்தான் தொடங்கும் முன் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சிறுநீரகச் சோதனைகள்; மாத்திரை எடுப்பவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி எச்.ஐ.வி. சோதனை.

மருத்துவமனைப் படிவத்தில் ‘வெளிப்பாடு ஏற்பட்ட தேதி’ என்று கேட்காமல், ‘கிருமி பட்டிருக்கலாம் என்று நினைக்கும் நாள், மணி’ என்று கேளுங்கள். பெப்புக்கான 72 மணிக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.