எர்த்துக்கு ஒரு சொம்பு தண்ணீர்

காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் அப்பாரு (தாத்தா) தோட்டத்தில் ஒரு வால்வு ரேடியோ, அதாவது டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடி வால்வுகளால் ஓடும் ரேடியோ, இருந்தது. ஆசாரத்துச் (வீட்டுக் கூடத்து) சுவரில் பலகை அடித்து அதன்மேல் வைத்திருந்தார்கள். அதன் முதுகிலிருந்து இரண்டு கம்பிகள் புறப்படும். ஒன்று ஓட்டுக்கு மேலே ஏறித் தென்னை மரத்துக்குப் போகும். அது ஏரியல். இன்னொன்று ஜன்னல் வழியாக இறங்கி, சுவரோரம் மண்ணில் அடித்த இரும்புக் குழாயில் முடியும். அது எர்த்.

சனிக்கிழமை பொழுது சாய்ந்தால் அப்பாரு கூப்பிடுவார். "கண்ணு, எர்த்துக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்திட்டு வா சாமி." அன்றைக்கு ராத்திரி ஒன்பதரை மணிக்குத் தேசிய இசை நிகழ்ச்சி. 1952-இல் அகில இந்திய வானொலி தொடங்கிய வாராந்தரக் கச்சேரி அது. குழாயடியில் தண்ணீரை ஊற்றினால் செம்மண் குமிழி விட்டுக்கொண்டு அப்படியே குடித்துவிடும். உள்ளே வந்து பார்த்தால் கரகரப்பு கொஞ்சம் தணிந்திருக்கும்.

இது வெறும் நம்பிக்கையா, உண்மையிலேயே பலன் உண்டா என்று பல வருஷம் கழித்துத்தான் யோசித்தேன். பலன் உண்டு. ஏரியல் கம்பியில் வானொலி அலை மிகச் சிறிய மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அந்த மின்னோட்டம் ரேடியோவுக்குள் இருக்கும் சுருளைக் கடந்து மண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும். ஏரியல், சுருள், எர்த் மூன்றும் சேர்ந்தால்தான் சுற்று முழுமையாகும். காய்ந்த செம்மண் மின்சாரத்தை எளிதில் விடாது. குழாயைச் சுற்றி ஈரம் இருந்தால் மண்ணிலுள்ள உப்புகள் கரைந்து மின்னோட்டத்துக்கு வழி கிடைக்கும். சுற்றில் தடை குறையும், ஒலி கூடும்.

அந்தக் குழாயடியில் நடந்த அதே சங்கதி, திருச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவில் 190 கிலோமீட்டர் நீளத்துக்கு நடந்துகொண்டிருந்தது. எந்தக் கிழமை எந்த நேரத்தில் எதைக் கேட்பது என்பதைக் கொங்கு நாட்டில் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் மட்டும் முடிவு செய்யவில்லை. மண்ணும் வானமும் அதில் பங்கு வகித்தன.

தமிழ்நாட்டில் வானொலி 1924-லேயே வந்துவிட்டது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி சென்னை மாகாண வானொலிக் கழகத்தை அமைத்து, அந்த ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கினார். டிரான்ஸ்மிட்டரின் சக்தி 40 வாட். மூன்றே ஆண்டில் பணமில்லாமல் கழகம் நின்றுபோனது. கருவிகள் சென்னை மாநகராட்சியின் கைக்குப் போய், 1930-இல் மீண்டும் குரல் எழும்பியது. மாநகராட்சியின் நிகழ்ச்சிப் பட்டியலில் இன்றைய வாரப் பட்டியலின் வடிவம் அப்போதே தெரிகிறது. பள்ளி நாட்களில் மாலை நான்கு மணிக்குப் பிள்ளைகளுக்குப் பாட்டும் பாடமும், ஞாயிறு காலையில் கிராமபோன் இசை. ஆனால் அந்தச் சின்ன டிரான்ஸ்மிட்டரின் குரல் 430 கிலோமீட்டர் தாண்டிக் கோயம்புத்தூருக்கு எட்ட வழியில்லை. 1939 மே 16 அன்று திருச்சி நிலையம் 5 கிலோவாட் சக்தியோடு எழுந்த பிறகுதான் கொங்குப் பக்கம் ரேடியோ வாங்குவதில் ஓர் அர்த்தம் வந்தது.

திருச்சி ஒலிபரப்பியது மத்திய அலையில் (மீடியம் வேவ்). பகலில் மத்திய அலை நிலத்தை ஒட்டித்தான் ஊர்ந்து போகும். அலையின் மின்புலம் நிலத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. அதன் கால் மண்ணில் இழுபட்டுக்கொண்டே போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மண் நன்றாக மின்சாரம் கடத்துமானால் இழுவை குறைவு. கடத்தாத மண் என்றால் அலையின் சக்தி வழியெல்லாம் வெப்பமாகக் கரைந்துவிடும். கடல் நீர், காய்ந்த பாறை நிலத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும். ஈரமான வண்டல் மண் இரண்டுக்கும் இடையில்.

இப்போது திருச்சியில் நின்று பாருங்கள். கிழக்கே தஞ்சாவூர் டெல்டா, ஈர வண்டல், நெல் வயல். மேற்கே கரூர் தாண்டினால் அடியில் பாறை, மேலே ஒரு சாண் செம்மண், நடுநடுவே சுக்கான்கல். ஒரே டிரான்ஸ்மிட்டர், ஒரே சக்தி. டெல்டாப் பக்கம் அலை சுலபமாகப் போனது, எங்கள் பக்கம் திணறித்தான் வந்தது. கரூர்க்காரர்களுக்குக் கவலையில்லை, 75 கிலோமீட்டர்தான். ஈரோடு, திருப்பூர் தாண்டி மேற்கே போகப் போக ரேடியோவின் காதைத் திருகிக்கொண்டேயிருக்க வேண்டும்.

ராத்திரி ஆனால் கதையே மாறும். தரைக்கு மேலே 60 கிலோமீட்டரிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உயரம் வரை, சூரியனின் புற ஊதா, எக்ஸ் கதிர்கள் பட்டுக் காற்றிலுள்ள அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து நிற்கின்றன. இதை அயனி மண்டலம் என்கிறோம். இப்படி ஓர் அடுக்கு இருப்பதை 1924 டிசம்பரில் இங்கிலாந்தில் எட்வர்ட் ஆப்பிள்டன் சோதனையால் நிறுவினார். அதற்காக 1947-இல் நோபல் பரிசு பெற்றார். சோதனைக்கு அவர் பயன்படுத்தியது பிபிசியின் போர்ன்மௌத் நிலையம். ஊர்மக்கள் பாட்டுக் கேட்ட அதே டிரான்ஸ்மிட்டர்தான் வானத்தின் உயரத்தையும் அளந்தது.

இந்த மண்டலத்தின் அடித்தட்டு, டி அடுக்கு, மத்திய அலையை உறிஞ்சிவிடும். அது பகலில் மட்டும் இருப்பது. பொழுது இறங்கியதும் அங்குள்ள எலக்ட்ரான்கள் திரும்ப அணுக்களோடு சேர்ந்துவிட, டி அடுக்கு கலைந்துபோகிறது. அதுவரை மேலே போய்த் தொலைந்த அலை, இப்போது 100 கிலோமீட்டர் உயரத்திலுள்ள இ அடுக்கில் பட்டுத் திரும்பி வரும். ராத்திரியில் தூரத்து நிலையங்கள் எல்லாம் கேட்பது இதனால்தான்.

தூரத்து நிலையம் கேட்பது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் எங்கள் ஊர் இருந்த இடம் அப்படி. காங்கேயம் திருச்சியிலிருந்து ஏறக்குறைய 125 கிலோமீட்டர். அங்கே தரை வழியாக வரும் அலை மெலிந்திருக்கும், வானத்திலிருந்து இறங்கும் அலையும் ஏறக்குறைய அதே பலத்தில் இருக்கும். இரண்டும் ஏரியலில் சந்திக்கின்றன. அலையின் முகடும் முகடும் சேர்ந்தால் ஒலி பொங்கும், முகடும் பள்ளமும் சேர்ந்தால் ஒலி அமுங்கிப் போகும். திருச்சிக்கென்று பலருக்கும் மனப்பாடமான 936 கிலோஹெர்ட்ஸை எடுத்துக்கொண்டால் அலைநீளம் 320 மீட்டர். பொங்குவது அமுங்குவதாக மாற, வான்வழிப் பாதை அதில் பாதி, 160 மீட்டர், நீண்டால் போதும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 கிலோமீட்டர் உயரத்திலுள்ள அடுக்கு வெறும் 100 மீட்டர் அளவு மேலே நகர்ந்தாலே அது நடந்துவிடும். மேலே அந்த அசைவு ஓயாமல் நடந்துகொண்டேயிருக்கிறது. ஆலாபனை உச்சிக்குப் போகும்போது ரேடியோ கிணற்றுக்குள் இறங்குவதும், பிறகு தானாக மேலே வருவதும் அதனால்தான். "இழுக்குது" என்பார் அப்பாரு. திருகைத் தொடாமல் காத்திருப்பார். அதுதான் சரியான வைத்தியம்.

சனிக்கிழமைக் கச்சேரிக்கு இன்னொரு சோதனையும் உண்டு. டெல்லியிலிருந்து சிற்றலையில் (ஷார்ட் வேவ்) வருவதைத் திருச்சி பிடித்து, மத்திய அலையில் மறு ஒலிபரப்புச் செய்யும். வானத்தில் ஒரு முறை மோதி வந்த பாட்டு, மறுபடி கரூர்ப் பாறைமேல் நடந்து எங்கள் தென்னை மரத்துக்கு வந்தது. சித்திரை மாதம் மேற்கே மின்னினால் அதோடு "படக் படக்" என்று வேறு சேரும். ஒவ்வொரு மின்னலும் ஒரு டிரான்ஸ்மிட்டர்தான்.

அப்புறம் இலங்கை. 1950 செப்டம்பர் 30 அன்று இலங்கை வானொலி வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியது. கொழும்பு, கோயம்புத்தூரிலிருந்து நேர்கோட்டில் 550 கிலோமீட்டர், திருச்சியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு தூரம். ஆனாலும் அதன் தமிழ் அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரல் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் கணீரென்று கேட்டது. காரணம், சிற்றலை மண்ணை நம்பி வருவதில்லை. அது மேல்நோக்கிக் கிளம்பி, ஏறக்குறைய 300 கிலோமீட்டர் உயரத்தில் எஃப் அடுக்கில் பட்டு, நேராக நம் கூரைக்கு இறங்குகிறது. வழியில் பாறையும் இல்லை, சுக்கான்கல்லும் இல்லை. டி அடுக்கின் உறிஞ்சலும் அதிர்வெண் கூடக் கூட வேகமாகக் குறையும். அதிர்வெண் இரண்டு மடங்கானால் உறிஞ்சல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. அதிலும் ஓர் எல்லை உண்டு. அதிர்வெண் மிகவும் கூடினால் அலை திரும்பாமல் விண்வெளிக்கே ஓடிவிடும். அதனால்தான் சிற்றலை நிலையங்கள் காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என்று மீட்டரை, அதாவது அலைநீளத்தை, மாற்றிக்கொண்டிருந்தன.

1952-க்குப் பிறகு ஒலிபரப்புத் துறை அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாட்டைச் சுருக்கியபோது முள் தானாகக் கொழும்புப் பக்கம் நகர்ந்தது. ரசனை ஒரு காரணம் என்றால், தெளிவாகக் கேட்டது இன்னொரு காரணம் என்பது என் எண்ணம்.

சரி, இந்த நிகழ்ச்சிகள் ஏன் வாரத்துக்கு ஒரு முறை? தினமும் ஏன் இல்லை? ஆரம்ப கால ஒலிபரப்பில் ஏறக்குறைய எல்லாமே நேரடி. ஒலிநாடா புழக்கத்துக்கு வருவதற்கு முன் நாடகம் என்றால் நடிகர்கள் ஒலிவாங்கியைச் சுற்றி நின்று அந்த நேரத்திலேயே நடிக்க வேண்டும், கச்சேரி என்றால் வித்வான் வந்து உட்கார்ந்து பாட வேண்டும். இசைத்தட்டு இருந்தது, ஆனால் நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் ஓடும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான். அரைமணி நேர நாடகத்துக்கு எழுத்து, ஒத்திகை, ஓசை வேலை எல்லாம் சேர்த்து ஒரு சிறு குழுவால் ஒரு வாரத்தில் ஒன்றுதான் செய்ய முடியும். நேயர் விருப்பத்துக்குத் தபால்தான் பாலம். கார்டு எழுதிப் போட்டு, அது கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்து, பெயர் படிக்கப்பட நாள் பிடிக்கும். விளம்பரதாரரும் வாரத்தில் ஒரு அரைமணியை வாங்குவார். அமீன் சயானி நடத்திய இந்தித் திரைப்பாட்டு நிகழ்ச்சியான பினாகா கீத்மாலா 1952-இன் இறுதியில் இலங்கையிலிருந்து தொடங்கியபோது புதன்கிழமை இரவு எட்டு மணியைப் பிடித்துக்கொண்டது அப்படித்தான்.

வாரக் கணக்கு எங்கள் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. ஈரோட்டில் ஜவுளிச் சந்தை செவ்வாய், கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தை வியாழன், பொள்ளாச்சிச் சந்தை செவ்வாயும் வியாழனும். சந்தைக்குப் போகிறவன் நாள்காட்டி பார்த்துப் போவதில்லை. ரேடியோவின் கிழமைகளும் அதே போல் உடம்பில் ஏறிவிட்டன. மாதமிருமுறை வந்த 'வானொலி' இதழில் நிகழ்ச்சிகள் நிமிடக் கணக்கில் அச்சாகியிருக்கும். அதை வாங்குகிறவர் ஊருக்கு ஒருவர் இருந்தால் போதும்.

பட்டியலைப் பார்த்துக் கேட்பதற்கு இன்னொரு கட்டாயமும் இருந்தது. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்து கோயம்புத்தூர் மில்களை ஓட்டியது, ஆனால் தோட்டங்களுக்குக் கம்பி வரப் பல வருஷம் ஆனது. அதுவரை பேட்டரி செட்தான். வால்வுக்கு 90 வோல்ட் கொடுக்கும் கனமான உலர் பேட்டரி, இழையைச் சூடேற்றத் தனி பேட்டரி. தீர்ந்தால் டவுனுக்குப் போய்க் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதனால் வீட்டில் ரேடியோ ஓடிக்கொண்டே இருக்காது. குறித்த நிகழ்ச்சிக்குப் போடுவார்கள், முடிந்ததும் அணைத்துவிடுவார்கள்.

மின்சாரம் வந்த பிறகும் வால்வுக்கு அவசரம் கிடையாது. திருகைத் திருப்பினால் முதலில் கண்ணாடிக்குள் செம்பொறி போல் இழை ஒளிரும். அதைச் சுற்றிய கேத்தோடு என்ற உலோகக் குழல் 700 டிகிரிக்கு மேல் சூடானால்தான் எலக்ட்ரான்களை உதிர்க்கும். அரை நிமிடம் போல ஆகும். அப்புறம் பச்சைக் கண் மெல்ல விரியும். முள்ளை நகர்த்த, நிலையம் சரியாக விழும் இடத்தில் பச்சையின் இரண்டு ஓரமும் நெருங்கி வரும். ஒலிபரப்பு தொடங்கும் முன் நிலையங்கள் அடையாள இசையைத் திரும்பத் திரும்பப் போட்டதற்கு இதுவும் ஒரு பயன்: வால்வு சூடாகி, முள் இடத்தில் நிற்கும்வரை நேயருக்கு அவகாசம்.

அந்த வால்வுகளைப் பற்றிச் சொல்லும்போது ஜி.டி. நாயுடுவை விட முடியாது. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்துகொடுக்க முடியும் என்று 1941-இல் கோயம்புத்தூரிலிருந்து அறிவித்தவர் அவர். ஐந்து வால்வு என்றால் ஐந்து வேலை. முதல் வால்வு, எந்த நிலையத்து அலை வந்தாலும் அதை ஒரே இடைநிலை அதிர்வெண்ணுக்கு, பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸுக்கு, மாற்றிவிடும். எந்த ஊர்ப் பஞ்சு வந்தாலும் ஒரே கவுண்ட் நூலாக்குவது போல. அடுத்தது அந்த ஒரே அதிர்வெண்ணைப் பெருக்கும். மூன்றாவது அதிலிருந்து குரலைப் பிரிக்கும். நான்காவது ஒலிபெருக்கியை அசைக்கும். ஐந்தாவது மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கும்.

கோயம்புத்தூருக்குச் சொந்த நிலையம் 1966-இல் வந்தது. பிற்காலத்தில் அதன் அடையாளமான 999 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் சரியாக 300 மீட்டர். எங்கள் தோட்டத்துக்கு அது 65 கிலோமீட்டர்தான். தரை அலை பலமாக வந்ததால் வானலை அதை அசைக்க முடியவில்லை. இழுப்பது நின்றது.

கொஞ்ச நாளில் டிரான்சிஸ்டர் வந்தது. அதற்குள் இருக்கும் கறுப்பு ஃபெரைட் குச்சியும் அதன்மேல் சுற்றிய மெல்லிய கம்பியும் அலையின் காந்தப்புலத்தைப் பிடிப்பவை. அதற்குத் தென்னை மரமும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். குச்சியின் பக்கவாட்டை நிலையத்துக்குக் காட்டினால் போதும். அப்பாரு அதைக் கட்டிலில் தலைமாட்டில் வைத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக் கோயம்புத்தூரைப் பிடிப்பார். எர்த் குழாயடியில் அப்பத்தா ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்திருந்தார். சனிக்கிழமைச் சொம்பு அதன்பின் அதற்குப் போனது.