வெளிநாட்டு லீகுக்குப் போகும் பாஸ்கெட்பால் வீரர்கள் கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

இஷ் ஸ்மித் அமெரிக்க பாஸ்கெட்பால் லீகான என்.பி.ஏ.வில் 13 அணிகளுக்கு ஆடியவர். அந்த லீகில் அது சாதனை. 2023-இல் டென்வர் அணியோடு சாம்பியன் பட்டமும் வென்றார். அப்படி அணி அணியாக மாறுகிறவருக்கும் அங்கே வீரர்கள் சங்கம் துணைக்கு இருக்கிறது. 10 நாள் ஒப்பந்தத்துக்குக்கூட வரம்பு உண்டு: ஒரே அணி ஒருவரை ஒரு சீசனில் இரண்டு முறைதான் அப்படி எடுக்கலாம், அதற்கு மேலும் அவர் வேண்டுமென்றால் சீசன் முடியும்வரை எடுத்தாக வேண்டும். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஆடிப் பழகி, வெளிநாட்டில் ஒரு சிறிய லீகுக்குப் போகும் தம்பிக்கு இதெல்லாம் கிடையாது. கையிலுள்ள ஒப்பந்தத் தாள்தான் அவருக்குக் காவல்.

நம் பக்கத்துக்கு இது புதிய விஷயமில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன காலத்தில், நகரத்தார் கடைகளின் ஏஜெண்டுகளுக்குச் சம்பளச் சீட்டு எழுதினார்கள். பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு. சம்பளம் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்பதெல்லாம் கப்பல் ஏறுமுன்பே எழுத்தில் இருக்கும். இன்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வாக்குறுதியை நம்பிப் பிள்ளையை அனுப்புவது எங்களுக்குக் கவலையாக இருக்கிறது.

முதலில் மருத்துவப் பரிசோதனை குறித்த பாராவைத் தேடுங்கள். “பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும்” என்று இருக்கும், அது வழக்கம்தான். ஆனால் ஊர் போய் இறங்கி 48 அல்லது 72 மணி நேரத்துக்குள் பரிசோதனை முடிய வேண்டும், முடியாவிட்டால் தேறியதாகவே கொள்ளப்படும் என்று எழுதச் சொல்லுங்கள். கெடு இல்லாவிட்டால், மூன்று வாரம் ஆடவிட்டுப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் முழங்காலைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பிவிடலாம். ஆட்டத்தில் அடிபட்டால் சம்பளம் தொடருமா, அறுவை சிகிச்சைச் செலவு யாருடையது என்பதும் தனி வரியாக இருக்க வேண்டும்.

அடுத்தது சம்பளத் தேதி. எத்தனை நாள் தாமதமானால் ஆட மறுக்கலாம், எத்தனை நாளில் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு மீதிச் சம்பளத்தையும் கேட்கலாம் என்று இரண்டு எண்கள் வேண்டும். தகராறு வந்தால், உலக பாஸ்கெட்பால் அமைப்பான ஃபிபா 2007-இல் தொடங்கிய நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தீர்ப்புக்குக் கட்டுப்படாத கிளப்புக்கு, வெளிநாட்டு வீரர்களைப் பதிவு செய்ய ஃபிபா தடை போட முடியும். ஆனால் அந்தத் தீர்ப்பாயத்தை ஏற்கிறோம் என்ற பாரா ஒப்பந்தத்தில் இருந்தால்தான் வழக்கை எடுப்பார்கள். அந்த ஒரு பாராவுக்காக எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம்.

ஏஜெண்ட் ஃபிபா உரிமம் பெற்றவரா, கமிஷனைக் கிளப் தருகிறதா, சம்பளத்தில் பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். டூரிஸ்ட் விசாவில் போய் ஆடச் சொன்னால் போகவே கூடாது. நாடு மாறி ஆடுவதற்கு இந்தியக் கூடைப்பந்து சம்மேளனத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். இங்கே பழைய ஒப்பந்தம் பாக்கியிருந்தால் அந்தக் கடிதம் வராமல் நின்றுவிடும். ரயில்வே, வங்கி, போலீஸ் வேலையில் இருப்பவர்கள் துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

வரி விஷயத்தில் நாள் கணக்கு முக்கியம். ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால், வெளிநாட்டுச் சம்பளத்தையும் இங்கே காட்ட வேண்டும். ஏப்ரல் 1-லிருந்து எண்ணினால், செப்டம்பர் 28-ஆம் தேதி விமானம் ஏறுகிறவருக்கு 181 நாள்; 29-ஆம் தேதி ஏறினால் 182. புறப்படும் நாளும் கணக்கில் சேரும். பொங்கலுக்கு வந்துபோன நாட்களும் சேரும். அடிபட்டு டிசம்பரில் திரும்பிவிட்டால் கணக்கே மாறிவிடும். அதனால் முடிந்தால் ஆகஸ்டிலேயே கிளம்புவது நல்லது. சம்பளம் முதலில் அந்த நாட்டு வங்கியில் விழட்டும். அங்கிருந்து இங்குள்ள என்.ஆர்.இ. கணக்குக்கு (வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்கு) அனுப்பலாம். “வரி போக நிகரச் சம்பளம்” என்று ஒப்பந்தம் சொன்னால், கிளப் வரி கட்டியதற்கான சான்றிதழைத் திரும்புமுன் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால், அங்கே கட்டிய வரியை இங்கே கழிக்க முடியாமல் போகும். சீசன் முடிந்து கிளப் கலைந்த பிறகு மின்னஞ்சலுக்குப் பதில் சொல்ல அங்கே ஆள் இருப்பதில்லை.

கிளம்புமுன் இன்னொரு வேலை இருக்கிறது. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. மத்திய அரசுத் துறைகளும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆளெடுக்கின்றன. மத்திய அரசு வேலைக்கு, மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் படிவம் 2-இல் சான்றிதழ் வேண்டும், அழகப்பா போன்ற பல்கலைக்கழகத்துக்காகப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியிருந்தால் படிவம் 3. கையெழுத்திட வேண்டிய அதிகாரி மாற்றலாகிப் போவதற்குள், போட்டி நடந்த வருடமே சான்றிதழை வாங்கி, ஒரிஜினலை வீட்டில் வைத்துவிட்டு நகலோடு விமானம் ஏறுங்கள்.