டயரில் காற்று குறைந்தால் சைக்கிள் வேகமாக ஓடுமா?

ஓடும். வழவழப்பான தார்ச்சாலையில் இல்லை, கல்லும் மண்ணும் கலந்த பாதையில். காற்றை எவ்வளவு டைட்டாக அடிக்கிறோமோ அவ்வளவு லேசாக மிதிக்கலாம் என்பது சைக்கிள் ஓட்டுகிற எல்லோருக்கும் ஊறிப்போன நம்பிக்கை, பந்தய வீரர்களே பல வருஷம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆனால் கிராவல் பைக் ஓட்டுகிறவர்களைக் கவனியுங்கள், கிளம்புவதற்கு முன்னால் வால்வை அமுக்கிப் புஸ்ஸென்று காற்றை வெளியே விட்டுக்கொண்டிருப்பார்கள். சொகுசுக்காக மட்டும் இல்லை, வேகத்துக்காகவும்தான்.

கிராவல் பைக் என்பது பந்தய சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பாரும் மலைச் சைக்கிளுக்குக் கொஞ்சம் கிட்டே வருகிற 40, 45 மில்லிமீட்டர் டயரும் சேர்ந்த ஒரு கலப்பு. சரளைப் பாதைக்கென்றே செய்தது. அப்படிப்பட்ட பாதைகள் குவிந்து கிடக்கிற ஓர் இடம் ஸ்பெயினின் கட்டலோனியாவில் இருக்கிறது. பிரனீஸ் மலைத்தொடர் தெற்கே தணிந்து வருகிற அடிவாரத்தில், பெசாலு என்ற சின்ன ஊர். ஃப்ளூவியா ஆற்றைக் கடந்து ஊருக்குள் போகும் பழைய பாலத்தைப் பற்றி 1075-லேயே எழுத்துச் சான்று உண்டு. அந்தப் பாலம் நேராகப் போகாமல் நடுவில் முழங்கை போல மடங்கித் திரும்பும், ஏனென்றால் கட்டியவர்கள் ஆற்றில் பாறை எங்கே இருந்ததோ அங்கேயே தூண்களை நிறுத்திவிட்டார்கள். தரை எப்படியோ அப்படியே போவது என்ற அந்தப் புத்தி டயர் விஷயத்திலும் உதவும்.

பெசாலுவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் ஜிரோனா நகரம், தொழில்முறை சைக்கிள் வீரர்கள் பலர் வீடு எடுத்துத் தங்கிப் பயிற்சி செய்கிற ஊர். பெசாலுவின் சுற்று வட்டாரத்தில் ஒரே நாளில் எத்தனை விதமான தரை வரும் என்று பாருங்கள்: பாலத்தின் மேலே பாவிய கல், ஆற்றோரத்தில் உருண்டைக் கூழாங்கல், வடக்கே மலை ஏற ஏற உடைந்த சுண்ணாம்புக்கல், மேற்கே போனால் கர்ரோச்சா எரிமலைப் பகுதியின் கறுப்பும் சிவப்புமான எரிமலைச் சரளை. சுமார் 40 எரிமலைகள் அங்கே இருக்கின்றன, கடைசியாக ஒன்று வெடித்துப் பத்தாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதில் க்ரோஸ்காட் என்ற எரிமலையைச் சரளைக்காகவே ஒரு பக்கம் வெட்டி எடுத்திருக்கிறார்கள், அதன் வயிறு அடுக்கடுக்காக வெளியே தெரியும்.

சரி, டயருக்கு வருவோம். சைக்கிள் உருளும்போது தரையில் படுகிற இடத்தில் டயர் நசுங்குகிறது, விலகும்போது பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. நசுக்கப் போன சக்தி முழுசாகத் திரும்பி வராது, கொஞ்சம் ரப்பருக்குள்ளேயே சூடாகிப் போய்விடும். காற்று அழுத்தம் கூடினால் நசுங்கல் குறையும், இழப்பும் குறையும். இதுவரைக்கும் பழைய நம்பிக்கை சொன்னது சரிதான். வழவழப்பான இரும்பு உருளையின் மேல் டயரை ஓடவிட்டு அளந்தால் இதையேதான் காட்டும். சிக்கல் என்னவென்றால் யாரும் இரும்பு உருளை மேல் சைக்கிள் ஓட்டுவதில்லை.

பாதையில் ஒரு கல் கிடக்கிறது. டயர் இறுக்கமாக இருந்தால் கல்லை உள்வாங்காது, சக்கரம் மொத்தமும் அதன் மேல் ஏறி இறங்கவேண்டும், கூடவே சைக்கிளும் நீங்களும். ஒரு சக்கரத்தின் மேல் 40 கிலோ பாரம் என்று வையுங்கள். அதை 1 சென்டிமீட்டர் தூக்க ஏறக்குறைய 4 ஜூல் சக்தி வேண்டும். நொடிக்கு 10 கல் வந்தால் 40 வாட். இந்த 40-உம் வீண் என்று சொல்லமாட்டேன், இறங்கும்போது ஒரு பங்கு திரும்ப வரும். மிச்சம் உங்கள் தொடையையும் முதுகையும் கையையும் உலுக்கி, தசைக்குள்ளேயே சூடாகி அழிந்துவிடும். சாதாரண ஆள் நிதானமாக மிதித்து நாள் முழுக்கத் தரக்கூடியது 100 வாட், 150 வாட் அளவுதான். ஆகவே உடம்பு அதிர்கிறது என்றால் அது அசௌகரியம் மட்டும் இல்லை, மிதித்த சக்தி கசிந்து போகிறது என்பதற்கு அடையாளமும் கூட.

காற்றைக் குறைத்தால் கல் டயருக்குள் அமுங்கிப் போகும், சைக்கிள் அதே உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். ரப்பருக்குள் இழப்பு கொஞ்சம் கூடுகிறது, உடம்பில் போகிற இழப்பு அதைவிட நிறையக் குறைகிறது. இந்த இரண்டையும் கூட்டிப் பார்த்தால் நடுவில் ஓர் அழுத்தத்தில் மொத்த இழப்பு ஆகக் குறைவாக இருக்கும். தரை எவ்வளவு கரடுமுரடோ அந்த அழுத்தம் அவ்வளவு கீழே இறங்கும்.

உண்மையில் காற்று டயர் பிறந்ததே இதற்குத்தான். 1888-ல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் காப்புரிமை வாங்கியது தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடவேண்டும் என்று செய்த பொருளுக்கு. அடுத்த வருஷமே அதைப் போட்ட சைக்கிள் பந்தயங்களில் ஜெயித்தது. கெட்டி ரப்பர் டயரைத் தோற்கடித்தது மெத்தென்ற டயர். அப்புறம் எப்படி எல்லோரும் காற்றை ஏற்றிக்கொண்டே போனார்கள் என்பது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் ஒல்லி டயரிலேயே காற்றைக் குறைத்தால் போதாதா? போதாது. ரப்பரோடு சேர்ந்திருக்கும் டயரின் துணி எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பதை அழுத்தம் மட்டும் தீர்மானிப்பதில்லை, அழுத்தமும் அகலமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. 25 மில்லிமீட்டர் டயரில் 90 பிஎஸ்ஐ (காற்று அழுத்தத்தை அளக்கும் அலகு) கொடுக்கும் விறைப்பை 45 மில்லிமீட்டர் டயர் 50 பிஎஸ்ஐ-யிலேயே கொடுத்துவிடும். அதனால் அகல டயரில் 30 பிஎஸ்ஐ வைத்தாலும் அது தொளதொளவென்று போவதில்லை. தரையோடு ஒட்டும் பரப்பு மட்டும் நன்றாக விரிகிறது: 40 கிலோ பாரத்துக்கு 90 பிஎஸ்ஐ-யில் 6, 7 சதுர சென்டிமீட்டர், 30-ல் சுமார் 20.

இந்தப் பரப்பு பிடிமானத்துக்கு முக்கியம். கெட்டித் தரையின் மேல் உருண்டைக் கல் ஒரு மெல்லிய அடுக்காகப் பரவிக் கிடப்பதுதான் இருப்பதிலேயே மோசம், டயருக்கும் தரைக்கும் நடுவில் கல் உருண்டுகொடுக்கும். ஆற்றங்கரைக் கூழாங்கல் அப்படி. எரிமலைச் சரளை துளைத் துளையாகவும் முனை முனையாகவும் இருப்பதால் ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போட்டுக்கொண்டு நிற்கும், ஆழமாகக் கொட்டிக் கிடக்காதவரை நம்பலாம். உதிரிக் கல்லில் பிடிமானம் காய்ந்த தாரில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி என்று வைத்துக்கொண்டால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் இரண்டு மடங்காகிறது. வளைவில் போகக்கூடிய வேகமோ பாதியாகாது, 70 சதவீதம் வரை தாங்கும், ஏனென்றால் அது பிடிமானத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆனால் பிரேக்கும் வளைவும் ஒரே கையிருப்பிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்கின்றன. வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கை முடித்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் முடிந்தது கதை, விழாமல் இருக்க நாம் திருப்புகிற சக்கரமே அதுதான்.

வண்டிகள் போய்வருகிற மண்பாதையில் இன்னொரு தொல்லை, குறுக்கே வரிவரியாக விழும் மேடு பள்ளம். வண்டியின் ஸ்பிரிங் துள்ளுவதால்தான் இது வருகிறது என்று தோன்றும். டாபர்லே, மாரிஸ், மெக்எல்வெய்ன் என்ற மூன்று இயற்பியலாளர்கள் சுழலும் மேடையில் மணலைப் பரப்பி, ஒரு சக்கரத்தை அதன்மேல் ஓடவிட்டுப் பார்த்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்பிரிங்கே இல்லாமலும் வரி விழுகிறது. வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் போதும், தற்செயலான சின்ன மேட்டில் சக்கரம் எம்பி, விழுகிற இடத்தில் மணலை முன்னால் தள்ளி, அங்கே அடுத்த மேட்டைக் கட்டிவிடுகிறது. குளத்தில் தட்டைக்கல்லை எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அதோடு இது நெருங்கிய உறவு. அந்த எல்லைக்குக் கீழே போனால் வரி விழாது, ஆனால் அவ்வளவு மெதுவாக யாரும் போகப் போவதில்லை.

ஏற்றங்களில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. எரிமலைப் பகுதியில் இருக்கிற ஓலோட் ஊருக்கும் ஜிரோனாவுக்கும் நடுவே ஓடிய குறுகிய ரயில் பாதையை 1969-ல் மூடிவிட்டார்கள், இப்போது அது 50 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சைக்கிள் பாதை. இரும்புச் சக்கரம் இரும்பின் மேல் வழுக்கும் என்பதால் ரயில் செங்குத்தாக ஏறமுடியாது, ஆகவே அங்கே ஏற்றம் தெரியாமலே ஏறிவிடலாம். கோவேறு கழுதைக்கு அந்தக் கஷ்டம் இல்லை, அதன் பழைய தடங்கள் நேரே மலையில் ஏறிவிடும். ஆளும் சைக்கிளும் சேர்த்து 85 கிலோ, 10 சதவீத ஏற்றம், மணிக்கு 9 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால் ஏறுவதற்கு மட்டும் 200 வாட்டுக்கு மேல் வேண்டும். அதனால்தான் கிராவல் பைக்கில் முன்பக்கப் பல்சக்கரத்திலும் பின்பக்கப் பல்சக்கரத்திலும் பற்களின் எண்ணிக்கை சமமாகவோ பின்னால் அதிகமாகவோ வருகிற லேசான கியர் வைக்கிறார்கள். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தில் பாரம் குறைந்து அது சும்மா சுற்றும். உட்கார்ந்தே மிதிப்பது நல்லது.

காற்றைக் குறைப்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. ரொம்பக் குறைத்தால் கல் டயரைத் தாண்டி ரிம்மில் இடிக்கும், நடுவில் மாட்டின டியூபில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை விழும். பாம்புக்கடி பஞ்சர் என்று சைக்கிள்காரர்கள் சொல்வது இதைத்தான். ஆகவே டியூபையே எடுத்துவிட்டு, டயரை ரிம்மோடு காற்றுப் புகாமல் பொருத்தி, உள்ளே கொஞ்சம் லேடெக்ஸ் (ரப்பர் பால்) திரவம் ஊற்றுகிறார்கள். முள் குத்தினால் வெளியேறும் காற்று அந்தத் திரவத்தை ஓட்டைக்கு இழுத்துப் போகும், அதிலுள்ள துகள்கள் அடைத்துக்கொள்ள லேடெக்ஸ் அங்கேயே உறைந்துவிடும். சில மாதத்தில் காய்ந்துபோகும் என்பதால் திறந்து பார்த்து மறுபடி ஊற்றவேண்டும்.

உங்கள் எண் எது என்று கண்டுபிடிக்க அட்டவணை தேடவேண்டாம். பழக்கமான ஒரு கரடுமுரடான பாதையில், ஒவ்வொரு தடவையும் 2 பிஎஸ்ஐ குறைத்துக்கொண்டே வாருங்கள். ரிம் கல்லில் தட்டும் சத்தமோ வளைவில் டயர் நெளியும் உணர்வோ வந்தால் 2, 3 ஏற்றிக்கொள்ளுங்கள். பின்சக்கரத்தில் பாரம் அதிகம், அதற்கு முன்சக்கரத்தைவிட ஒன்றிரண்டு கூட இருக்கட்டும்.