வயர் போனது, கரண்ட் போகவில்லை

போன ஆடியில் ஒரு தச்சுத் தொழிலாளி இடது கையில் கட்டோடு என் பட்டறைக்கு வந்தார். மஞ்சப்பையில் இருந்த, வெட்டவும் தேய்க்கவும் வீல் மாட்டி ஓட்டும் பேட்டரி கிரைண்டரை எடுத்து மேசையில் வைத்து, "மிஷின் தானா ஓடுதுண்ணே, என்னன்னு பாருங்க" என்றார். பிரித்துப் பார்த்ததில் மிஷினில் ஒரு பழுதும் இல்லை. அப்புறம் விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. வெட்டிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி தீர்ந்து மிஷின் நின்றிருக்கிறது. சுவிட்ச் ஆனிலேயே இருந்ததை அவர் கவனிக்கவில்லை. மிஷினை மடியில் வைத்துக்கொண்டு புது பேட்டரியைத் தள்ளியிருக்கிறார். "டிக்" என்று மாட்டிய அந்த நொடியே வீல் சுழன்றுவிட்டது. உள்ளங்கையில் 7 தையல்.

தரமான கிரைண்டர்களில் இதற்கு ஒரு பாதுகாப்பு இருக்கும். சுவிட்ச் ஆனில் இருக்கும்போது பேட்டரியை மாட்டினால் மோட்டார் ஓடாது. ஒருமுறை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தால்தான் ஓடும். அவர் வாங்கிய மலிவு மிஷினில் அது கிடையாது. ஆனால் பாதுகாப்பு இருக்கிற மிஷின் வைத்திருப்பவர்களும் இதே பழக்கத்தோடுதான் வேலை செய்கிறார்கள்.

இந்தத் தொழிலில் பல வருடம் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். வயர் மிஷின் காலத்தில், பிட் மாற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கு என்று மேஸ்திரி கத்துவார், நாமும் பிடுங்குவோம். அந்த வயர் காலைச் சுற்றிக்கொண்டு தொல்லை கொடுத்தாலும், உள்ளே கரண்ட் இருக்கிறது என்று ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தது. இப்போது கண்ணுக்கு வயர் தெரியாததால் மிஷின் சும்மா இருப்பதாக மனசு நினைத்துக்கொள்கிறது. பேட்டரிதான் இங்கே பிளக். பிட், பிளேடு, வீல் மாற்றும்போதும், சுத்தம் செய்யும்போதும், ஏணியில் ஏறும்போதும் அதைக் கழற்றிவிடுங்கள். டிரில்லில் முன்னே, பின்னே சுற்றவைக்கும் பட்டன் இருக்கிறதே, அதை நடுவில் நிறுத்தினால் விரலால் அழுத்தும் சுவிட்ச் அழுந்தாது. டிரில்லைப் பையில் போடும்போது அப்படி நிறுத்துங்கள். வருடக்கணக்கில் டிரில் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் நான் காட்டும்போதுதான் இதை முதன்முதலில் பார்க்கிறார்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கை, பேட்டரி மிஷினில் ஷாக் அடிக்காது என்பது. சுவருக்குள் போகும் வயரில் பிட் பட்டால், பிட்டைப் பிடித்திருக்கும் சக் வரை கரண்ட் ஏறும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே, நேர் கீழே துளை போடும் முன் மெயினை அணையுங்கள். பேட்டரி டிரில்லுக்கு வீட்டுக் கரண்ட் தேவையே இல்லை, அதனால் வேலையும் நிற்காது.

கிரைண்டரைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். 4 அங்குல வெட்டும் வீலில் 15,300 என்று அச்சிட்டிருக்கும். ஒரு நிமிடத்தில் அந்த வீல் தாங்கும் உச்ச சுற்று அது. அந்த வேகத்தில் வீலின் விளிம்பு நொடிக்கு 80 மீட்டர், அதாவது மணிக்கு 288 கிலோமீட்டரில் ஓடுகிறது. வீல் உடைந்து தெறித்தால் முகத்துக்கும் அதற்கும் நடுவில் இருப்பது வீலைச் சுற்றியுள்ள இரும்பு மூடி ஒன்றுதான். மூலை முடுக்கில் வெட்டுவதற்கு இடைஞ்சல் என்று அதைத்தான் முதலில் கழற்றி எறிகிறார்கள். வீலின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் இருக்கும். பிசின் கொண்டு ஒட்டிய வீல்களுக்குப் பொதுவாக 3 வருடம்தான் ஆயுள். ஈரத்தில் கிடந்தால் அதற்கு முன்பே கெட்டுப்போகும். கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடைப் போடவே போடாதீர்கள். பல் மரத்தில் சிக்கினால் மிஷின் கையை உதறிவிட்டு உடம்பை நோக்கித் திரும்பும். அதற்குப் பொருத்தமான நட்டு வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் கொடுப்பதில்லை.

டிரில்லில் வேறு மாதிரி ஆபத்து. கான்கிரீட்டுக்குள் பிட் போய்க் கம்பியில் மாட்டினால் பிட் நின்றுவிடும், மிஷின் சுற்றும். மணிக்கட்டு பிசகுவது அப்படித்தான். பெட்டியில் தரும் பக்கவாட்டுக் கைப்பிடியை மாட்டுங்கள். டிரில் பிடிக்கும்போது நூல் கையுறை வேண்டாம். ஒரு நூல் சிக்கினாலும் விரலோடு இழுக்கும். கழுத்தில் தொங்கும் துண்டுக்கும் இதே கதைதான்.

சரி, பேட்டரிக்கு வருவோம். அதிகம் ஏமாறுவதும் அதிகம் கெடுவதும் அங்கேதான்.

18 வோல்ட் பேட்டரிக்குள் 3.6 வோல்ட் செல்கள் ஐந்து வரிசையாக இருக்கும். முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட், ஆக 21. அதனால் ஒரு கம்பெனி 18 என்று போடும், இன்னொன்று 20 என்றோ 21 என்றோ போடும். எல்லாம் ஒன்றுதான். கடைத்தெருவில் 48, 88 என்று பெரிய எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்களே, அப்படிப்பட்டவற்றை நான் திறந்து பார்த்தவரை உள்ளே இருந்தது அதே ஐந்து செல், மிஞ்சினால் பத்து. பத்து இருந்தாலும் இரண்டிரண்டாகச் சேர்த்திருப்பதால் வோல்ட் மாறாது, ஓடும் நேரம்தான் கூடும். ஸ்டிக்கரை விட எனக்குக் கவலை தருவது வேறு. சூட்டை அளந்து சார்ஜரை நிறுத்தச் சொல்லும் சின்ன சென்சார் அவற்றில் பலவற்றில் இருப்பதே இல்லை.

"பேட்டரியை முழுசா இறக்கிட்டுத்தான் சார்ஜ் போடணும்" என்று பெரியவர்கள் சொல்வது ஒரு காலத்தில் சரி. 1961-ல் பிளாக் அண்டு டெக்கர் கொண்டுவந்த பேட்டரி டிரில்லில் இருந்தது நிக்கல் காட்மியம் செல். அந்த வகைக்குச் சொன்ன அறிவுரை அது. இப்போது வருவது லித்தியம் செல், அதை அடிமட்டம் வரை இறக்குவதுதான் அதற்குச் செய்யும் கெடுதல். மிஷின் வேகம் குறைந்ததுமே சார்ஜில் போடுங்கள். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் கழற்றி, நிழலான இடத்தில் வையுங்கள். வோல்ட் அடியோடு இறங்கிய செல்லுக்குள் செம்பு கரைந்து, மறுபடி சார்ஜ் போடும்போது உள்ளேயே ஷார்ட் ஆகலாம். சார்ஜர் அதை ஏற்க மறுப்பது அதனால்தான். இன்னொரு பேட்டரியில் இருந்து இரண்டு வயர் இழுத்து "எழுப்பும்" வீடியோக்களைப் பார்த்து யாரும் கை வைக்காதீர்கள். தயவுசெய்து.

நம் ஊர் வெயிலையும் யோசிக்க வேண்டும். சித்திரையில் பூட்டிய காருக்குள், தகரக் கொட்டகையின் மேல்தட்டில் பேட்டரியை வைக்காதீர்கள். வேலை முடிந்து சூடாக இருக்கும்போது சார்ஜ் போடவும் வேண்டாம், அரை மணி நேரம் ஆறட்டும். நல்ல சார்ஜர் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு தானே காத்திருக்கும். ஒரு தச்சுப் பட்டறையில் நான் பார்த்த சார்ஜர், மரத்தூள் படிந்த பிளைவுட் அடுக்கின் மேல், தின்னர் டின்னுக்கு ஒரு முழம் தள்ளி, ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அங்கே வேலை செய்யும் இரண்டு பையன்கள் உள்ளேயே படுத்திருந்தார்கள். அன்றே சார்ஜரை வாசல் பக்கம், சிமெண்ட் தரைக்கு மாற்றச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

பேட்டரி உப்பினாலோ, இனிப்பான கெமிக்கல் வாடை வந்தாலோ அதோடு அதைப் பயன்படுத்துவதை விட்டுவிடுங்கள். "உஸ்" என்ற சத்தமோ புகையோ வந்துவிட்டால் கிட்டே போகாமல் மெயினை அணைத்து, ஆட்களை வெளியேற்றுங்கள். அந்தப் புகை விஷம். லித்தியத்தில் தண்ணீர் பட்டால் வெடிக்கும் என்று பயந்து நிற்கிறார்கள். இந்த வகை பேட்டரிக்கு எட்ட நின்று நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பதுதான் வேலை செய்யும்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. காற்றுத் துளைகளில் படிந்த தூசியை பிரஷ்ஷால் தட்டுங்கள், பேட்டரி மிஷினோடு சேரும் உலோக முனையான டெர்மினலை உலர்ந்த துணியால் துடையுங்கள். தின்னர், பெட்ரோல் வேண்டாம், பிளாஸ்டிக் வெடிப்பு விடும். ஆணி, ஸ்க்ரூ கிடக்கும் பையில் பேட்டரியை டெர்மினலை மூடாமல் போடாதீர்கள்.

வளைகுடா வேலைக்கு மிஷினோடு போகிறவர்கள் பேட்டரியில் உள்ள வோல்ட்டையும் (V) ஆம்பியர் அவரையும் (Ah) பெருக்கிப் பாருங்கள். 18 வோல்ட், 5 ஆம்பியர் அவர் என்றால் 90 வாட் அவர். 100-க்குள் இருந்தால் பேட்டரியைக் கைப்பையில் கொண்டுபோகலாம். 6 ஆம்பியர் அவர் என்றால் 108, விமானக் கம்பெனியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். தனி பேட்டரியை லக்கேஜில் போடவே கூடாது.

செத்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் வீசாதீர்கள். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன்படி தயாரிப்பாளர்தான் அதைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்ய வேண்டும். டெர்மினலை டேப்பால் மூடி, வாங்கிய கடையிலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுங்கள். என் பட்டறை வாசலில் மணல் நிரப்பிய இரும்பு வாளி ஒன்று இருக்கிறது. எந்தக் கம்பெனி பேட்டரியாக இருந்தாலும் அதில் போட்டுவிட்டுப் போகலாம்.