மல்லிகைக்குச் சீனர்கள் எழுத்து தேடிய கதை

சீனத்தில் மல்லிகைக்குப் பெயர் ‘மோலி’. நம் ‘மல்லி’யோடு இது ஒத்துப்போவது தற்செயல் அல்ல. சமஸ்கிருத ‘மல்லிகா’ அங்கே போய் அப்படி ஆனது. பூவும் நாம் தொடுக்கும் அதே குண்டுமல்லிதான்.

சரி, ‘மல்’ எப்படி ‘மோ’ ஆனது? சீன மொழியில் எந்த அசையும் ‘ல்’ என்று முடியாது. அதனால் கிட்டத்தட்ட ‘மாத்’ என்று அன்று ஒலித்த எழுத்தை எடுத்துக்கொண்டார்கள். ‘த்’, ‘ல்’ இரண்டுக்குமே நாக்கு நுனி மேலே போய்த் தொடும். ‘மாத்-லி’ என்று வேகமாகச் சொன்னால் ‘மல்லி’க்குப் பக்கத்தில் வந்துவிடும். கடைசி ‘கா’ கழன்றுவிட்டது. பின்னாளில் வடக்குச் சீனத்தில் ‘த்’ தேய்ந்து ‘மோ’ ஆனது. தென் சீனத்தின் கான்டனீஸ் மொழி பேசுபவர்கள் இன்றும் ‘மூத்-லேய்’ என்கிறார்கள். அந்தத் ‘த்’ அங்கே பத்திரமாக இருக்கிறது.

எழுதுவதில்தான் பெரிய சிக்கல். சீன எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒலியோடு பொருளும் உண்டு. மல்லிகைக்கு முதலில் வாய்த்தவை ‘நுனி’, ‘லாபம்’ என்று பொருள்படும் இரண்டு எழுத்துகள். புத்தர் காலத்துக் கோசல அரசி மல்லிகாவின் பெயரையும் பௌத்த நூல்களில் இதே எழுத்துகளால் எழுதினார்கள். வேறு சிலர் வேறு எழுத்துகளைப் பிடித்தார்கள். 1596இல் அச்சான தன் மருந்து நூலில் சீன மருத்துவர் லி ஷிஜென் ஐந்து விதமான எழுத்துக்கூட்டல்களை வரிசையாகக் காட்டுகிறார். இது வெளிநாட்டுச் சொல், சரியான எழுத்து என்று ஒன்று இதற்குக் கிடையாது, அவரவர் தோன்றியபடி எழுதுகிறார்கள் என்கிறார்.

கடைசியில் நிலைத்த வழி அழகானது. ஒரு படுக்கைக் கோடு, அதை வெட்டும் இரண்டு சிறு கோடுகள்: இது சீன எழுத்தில் புல்லின் அடையாளம். ‘நுனி’, ‘லாபம்’ இரண்டின் தலையிலும் இதை வைத்ததும் பழைய பொருள் விலகி, ‘இது செடி, ஒலியை மட்டும் படி’ என்றாகிவிட்டது. முதல் எழுத்துக்கு இன்றும் மல்லிகையை விட்டால் வேறு வேலை இல்லை. இரண்டாவது பெண்களின் பெயர்களில் சாதாரணமாக வருகிறது.

குதிரை மசாலுக்கும் இதுவே நடந்தது. மத்திய ஆசியாவிலிருந்து குதிரைகளோடு வந்த அந்தத் தீவனத்தின் பெயரைக் ‘கண்’, ‘தங்குதல்’ என்ற எழுத்துகளால் எழுதினார்கள். அப்புறம் இரண்டுக்கும் புல் முளைத்தது.

எல்லாப் பெயரும் தங்கிவிடவில்லை. தென்னாட்டுச் செடிகளைப் பற்றிய பழைய சீன நூலொன்றில் மல்லிகைக்குப் பக்கத்திலேயே ‘யேசிமிங்’ என்ற பூ வருகிறது. பாரசீக ‘யாஸ்மின்’தான் அது. பிற்காலச் சீனர்கள் அந்தப் பெயரைக் கைவிட்டு, ‘சுசின்’ என்று தங்கள் மொழியிலேயே பெயர் வைத்துக்கொண்டார்கள்.