நல்லிஃபிகேஷன்: ரத்தா, செல்லாதாக்கலா?

மத்திய அரசின் சட்டம் தன் எல்லைக்குள் செல்லாது என்று ஒரு மாநிலம் அறிவிப்பதை அமெரிக்காவில் 'நல்லிஃபிகேஷன்' என்பார்கள். இதை வைத்து 1832இல் எழுந்த சிக்கலைத் தமிழில் எழுத உட்கார்ந்தால், அந்தச் சொல்லுக்குக் கை தானாக 'ரத்து' என்று எழுதிவிடும். அது பொருந்தாது.

வேர் இலத்தீன். 'நுல்லுஸ்' என்றால் 'ஒன்றுமில்லாத'. அதிலிருந்து வந்த வினைக்குப் பிற்கால இலத்தீனில் 'ஒன்றுமில்லை என்று இகழ்தல்' என்றும் பொருள் உண்டு. அரசியலில் இச்சொல் பேர் பெற்றது கென்டக்கி மாநிலத்தின் 1799ஆம் ஆண்டுத் தீர்மானத்தால். அரசை விமர்சித்தவர்களைச் சிறையில் தள்ள வழிசெய்த 1798ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு எதிராக எழுந்த குரல் அது.

சொல்லைக் கூர்தீட்டியது தென் கரோலினா மாநிலம். பருத்தியை இங்கிலாந்துக்கு விற்றுவந்த தெற்குக்கு, வடக்கின் ஆலைகளைக் காக்க 1828இல் ஏற்றிய இறக்குமதி வரி எரிச்சலைக் கிளப்பியது. அடிமை முறையிலும் நாளை மத்திய அரசு கை வைக்குமோ என்ற பயம் உள்ளே ஓடியது. ஜான் கால்ஹூன் துணை அதிபராக இருந்துகொண்டே, பெயர் போடாமல், இதற்கான வாதத்தை எழுதிக்கொடுத்தார்.

1830 ஏப்ரல் 13, வாஷிங்டனில் ஜெஃபர்சன் பிறந்தநாள் விருந்து. அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் கோப்பையைத் தூக்கி, "நமது ஒன்றியம்: அது காக்கப்பட்டே ஆக வேண்டும்" என்றார். அடுத்து கால்ஹூன்: "ஒன்றியம், நம் சுதந்திரத்துக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருமையானது." 'அடுத்தபடியாக' என்பதில்தான் முழுச் சண்டையும் இருக்கிறது.

1832 நவம்பர் 24இல் தென் கரோலினாவின் மாநாடு, அந்த வரிச் சட்டங்கள் தன் எல்லைக்குள் செல்லாது என்று அறிவித்தது. சட்டத்தை ஒழிக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். சட்டம் வாஷிங்டனில் அப்படியே இருக்கும், மற்ற மாநிலங்களில் நடக்கும். இங்கே மட்டும் நடக்காது. கையில் காசு இருக்கிறது, கடைக்காரர் வாங்க மாட்டேன் என்கிறார். நம் 'செல்லாக்காசு' இதுதானே? ஆகவே 'செல்லாதாக்கல்' என்பதே என் தேர்வு. அரபியிலிருந்து உருது வழியாக வந்த 'ரத்து' நல்ல புழக்கச் சொல்தான், குறையில்லை. ஆனால் போட்டவர் அல்லது அவருக்கு மேலே இருப்பவர் திரும்பப் பெறுவதல்லவா ரத்து? 'பிரிவினை' என்று எழுதுவதும் தவறு. ஒன்றியத்துக்குள் இருந்துகொண்டே மறுப்பது இது. வரியைப் படை கொண்டு வசூலித்தால் விலகுவோம் என்பது அதற்கு மேல் வைத்த மிரட்டல்.

ஜாக்சன் அசரவில்லை. அப்புறம் செனட்டர் ஹென்றி கிளே சமரசம் பேச, 1833 மார்ச் 2இல் இரண்டு சட்டங்களில் ஒரே நாளில் கையெழுத்து விழுந்தது: ஒன்று வரியைப் படிப்படியாகக் குறைத்தது, மற்றது படை கொண்டு வசூலிக்க அதிகாரம் தந்தது.

மறுபடி கூடிய தென் கரோலினா மாநாடு, மார்ச் 15இல் தன் பழைய அறிவிப்பைத் தானே ரத்து செய்தது. மூன்று நாள் கழித்து, மீசையில் மண் ஒட்டவில்லை என்று காட்ட வேண்டுமே, படைச் சட்டம் தங்கள் மாநிலத்தில் செல்லாது என்று அறிவித்துவிட்டுக் கலைந்தது.