நடுக்கம்பி அறுந்தால் நடமாடும் வீடு என்னாகும்?

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வசிக்கும் வாசகர் ஒருவர், 50 ஆம்பியர் மின் இணைப்புக் கொண்ட ஆர்.வி. ஒன்றை வாங்கியிருக்கிறார். படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் அடங்கிய நடமாடும் வீடு அது. முகாம் திடலின் மின்கம்பத்தில் செருகி, கிளம்பும்போது கழற்றி எடுத்துச் செல்லும் சர்ஜ் புரொடெக்டர், அதாவது மின்னழுத்த எகிறலிலிருந்து காக்கும் கருவி, போதுமா, அல்லது வண்டிக்குள் நிரந்தரமாகப் பொருத்திவிடுவது நல்லதா என்று கேட்கிறார். எதிலிருந்து பாதுகாப்பு வேண்டும் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொண்டால்தான் இதற்கு விடை சொல்ல முடியும்.

அருகில் மின்னல் விழும்போதோ, மின்வாரியக் கம்பிகளில் பெரிய சுமை ஒன்று துண்டிக்கப்படும்போதோ மின்னழுத்தம் நொடியின் பல்லாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கும் குறைவாக ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு எகிறக்கூடும். இதைத் தடுப்பது வேரிஸ்டர் எனப்படும் பீங்கான் வில்லை. துத்தநாக ஆக்சைடு வேரிஸ்டரை ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனத்தைச் சேர்ந்த மிச்சியோ மட்சுவோக்கா உருவாக்கி, அதன் பண்புகளை 1971இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். சுட்டெடுத்த அந்த வில்லைக்குள் நுண்ணிய துத்தநாக ஆக்சைடு மணிகள் நெருக்கமாக அடங்கியிருக்கின்றன; மணியும் மணியும் தொடும் ஒவ்வோர் எல்லையும் சுமார் 3 வோல்ட் வரை மின்னோட்டத்தைத் தடுத்து நிற்கும், அதைத் தாண்டினால் வழிவிட்டுவிடும். வரிசையாக எழுபது, எண்பது எல்லைகள் அமையும்படி வில்லையின் தடிமனை வைத்தால், 120 வோல்ட் இணைப்பில் சும்மா இருந்து, அழுத்தம் எகிறும் கணத்தில் மட்டும் கடத்தியாக மாறும் காவலாளி கிடைத்துவிடுகிறது. பானை சுடுவதுபோன்ற ஒரு வேலையிலிருந்து இவ்வளவு நேர்த்தியான மின்கருவி பிறந்திருப்பதைப் பார்க்கும்போது, பொருளறிவியல் ஆய்வுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒருபோதும் கை வைக்கக் கூடாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஆர்.வி.களில் குளிர்சாதனத்தையும் தொலைக்காட்சியையும் பழுதாக்குபவை பெரும்பாலும் இந்த நுண்ணொடி எகிறல்கள் அல்ல, நொடிக்கணக்கிலும் மணிக்கணக்கிலும் நீடிக்கும் கோளாறுகள். அவற்றில் மிகக் கொடியது நியூட்ரல் எனும் நடுக்கம்பி அறுவது.

50 ஆம்பியர் செருகியில் மூன்று தட்டைக் கால்களும் ஓர் உருண்டைக் காலும் இருக்கும். தட்டைக் கால்களில் இரண்டு லைன் கம்பிகள், மூன்றாவது நியூட்ரல். உருண்டைக் கால் எர்த். மின்மாற்றிச் சுருளின் இரு முனைகளுக்கிடையே 240 வோல்ட் உண்டு. சுருளின் நடுப்புள்ளியிலிருந்து வரும் நியூட்ரல் அதைச் சரிபாதியாகப் பிரித்து, வண்டியின் சாதனங்களை 120 வோல்ட் கொண்ட இரண்டு குழுக்களாக ஓட்டுகிறது. முதல் குழுவில் 1440 வாட் வெந்நீர்க் கலனும் இரண்டாம் குழுவில் மொத்தம் 120 வாட் எடுக்கும் தொலைக்காட்சி வகையறாக்களும் ஓடுவதாகக் கொள்வோம். கலனின் மின்தடை 10 ஓம், மற்றவற்றினுடையது 120 ஓம்.

இப்போது கம்பத்தின் சாக்கெட்டில் நியூட்ரல் முனை தளர்ந்து, கருகி, தொடர்பை இழக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு லைன்களும் உயிரோடு இருக்கின்றன. நடுப்புள்ளியைப் பிடித்து நிறுத்தத்தான் ஆளில்லை. இரு குழுக்களும் 240 வோல்ட்டின் குறுக்கே ஒரே தொடராக இணைந்துவிடுகின்றன. பள்ளியில் படித்த ஓம் விதிப்படி, தொடரிணைப்பில் மின்தடை எவ்வளவோ அந்த விகிதத்தில் அழுத்தம் பங்கிடப்படும். ஆகவே வெந்நீர்க் கலனுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 18 வோல்ட், தொலைக்காட்சிக்குப் போய்ச் சேருவது ஏறக்குறைய 222 வோல்ட். குறைவாக மின்சாரம் எடுக்கும் மென்மையான சாதனம் எதுவோ, அதன் தலையில்தான் அதிக அழுத்தம் விழுகிறது. தமிழ்நாட்டில் தெருக்கம்பியில் நியூட்ரல் அறுந்து பல வீடுகளின் தொலைக்காட்சிகள் ஒன்றாகப் புகைந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

வேரிஸ்டர் இங்கே உதவாதா? 222 வோல்ட்டின் உச்சம் 310 வோல்ட்டைத் தாண்டுவதால், ஒவ்வோர் அரைச் சுழற்சியிலும் வில்லை கடத்தத் தொடங்கிச் சூடேறும். பெட்டியில் ‘2000 ஜூல்’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். ஆனால் ஜூல் என்பது வாட்டையும் நொடியையும் பெருக்கிய அளவு. வில்லை 400 வாட் வீதம் உறிஞ்சினால் அந்த இருப்பு 5 நொடியில் தீர்ந்துவிடும்.

ஆகவே தேவைப்படுவது, அழுத்தத்தை இடைவிடாமல் அளந்து, எல்லை மீறியதும் கான்டாக்டர் என்ற தானியங்கி சுவிட்சைத் திறந்து இரண்டு லைன்களையும் துண்டிக்கும் கருவி. அமெரிக்காவில் இதை இ.எம்.எஸ். (எலக்ட்ரிகல் மேனேஜ்மென்ட் சிஸ்டம்) என்கிறார்கள். 104 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலும் 132 வோல்ட்டுக்கு மேலே ஏறினாலும் துண்டிக்கும் கருவிகள் உண்டு. துண்டித்தபின், குளிர்சாதனக் கம்ப்ரசருக்குள் வாயு அழுத்தம் சமநிலைக்கு வர இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் காத்திருந்துதான் மீண்டும் இணைக்கும். கான்டாக்டர் திறப்பதற்குள் கழியும் சிறு இடைவெளியை வேரிஸ்டர் தாங்கிக்கொள்கிறது. விலை குறைந்த, விளக்கு மட்டும் காட்டும் சர்ஜ் புரொடெக்டர்களில் இந்தக் கான்டாக்டர் கிடையாது, அவற்றை வாங்காதீர்கள்.

இனி வாசகரின் கேள்வி. கம்பத்தில் செருகும் இ.எம்.எஸ். கம்பம்வரைதான் பார்க்கும். அதற்கு அப்பால் வண்டியின் சொந்தக் கேபிளிலோ, பக்கவாட்டில் அது நுழையும் செருகுவாயிலோ நியூட்ரல் முனை கருகியிருந்தால் அதற்குத் தெரியாது. உள்ளே பொருத்திய கருவி கேபிளுக்குப் பின்னால் இருப்பதால் அதையும் பிடித்துவிடும். கம்பத்து மின்சாரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் இடையே மாற்றிவிடும் மாற்றுச்சுவிட்சுக்கு அடுத்தபடியாக இணைத்தால் ஜெனரேட்டர் தரும் மின்சாரத்தையும் கண்காணிக்கும். மழையில் நனையாது, திருடு போகாது, செருக மறந்துபோகவும் வழியில்லை. எனவே 50 ஆம்பியர் வண்டிக்கு, பொருத்துவதற்கு எலக்ட்ரீஷியன் கூலி கொடுக்க நேர்ந்தாலும், நிரந்தரக் கருவியையே பரிந்துரைக்கிறேன்.

30 ஆம்பியர் வண்டியில் ஒரே லைன்தான் உண்டு. அங்கே நியூட்ரல் அறுந்தால் விளக்குகள் அணையும், அவ்வளவுதான். அந்த வண்டிக்காரர்களுக்கும், ஓரிரு ஆண்டில் வண்டியை மாற்ற நினைப்பவர்களுக்கும் கழற்றி எடுத்துச் செல்லும் இ.எம்.எஸ். போதும். ஆனால் 30 ஆம்பியருக்கும் ஏதோ ஓர் இ.எம்.எஸ். அவசியம். வீட்டில் வண்டியை நிறுத்த சாக்கெட் போடச் சொன்னால், துணி உலர்த்தி இயந்திரத்துக்கான சாக்கெட் என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் அங்கே இருக்கிறார்கள்.

இரண்டு வகைக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. எந்தக் கருவியும் லைன்களைத்தான் துண்டிக்கும். எர்த் கம்பி கம்பத்தோடு இணைந்தபடியே இருக்கும். கம்பத்துக்குள் எர்த்திலேயே மின்சாரம் பாயும்படி யாராவது தவறாக இணைத்திருந்தால், வண்டியின் உலோக உடம்பு முழுவதும் உயிர்பெற்றுவிடும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று படிக்கட்டைத் தொடும் குழந்தைக்கு அது உயிராபத்து. ஆகவே புதிய திடலுக்குப் போனதும், கம்பத்தின் பிரேக்கரை அணைத்துவிட்டு, சாக்கெட்டின் துளைகளைச் சுற்றிப் பழுப்புக் கருகல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் வேறு இடம் கேளுங்கள். செருகி, பிரேக்கரைப் போட்டபின், தொடாமலே மின்சாரத்தைக் காட்டும் டெஸ்டரை வண்டியின் உலோகப் பகுதிக்கு அருகில் கொண்டுபோங்கள். அது ஒலித்தால், வண்டியைத் தொடாமல் முதலில் பிரேக்கரை அணையுங்கள்.